நாலு கால், நாலு அளவு

வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண்ணில் பட்டது கூடத்துத் தரையில் இருந்த நாலு சதுரங்கள். அந்தத் தரைக்குச் சாம்பல் வண்ணம் அடித்தவள் நான். மேஜையை நகர்த்தாமல் அதன் கால்களைச் சுற்றியே அடித்திருந்தேன். அதனால் கால்கள் நின்ற இடத்தில் மட்டும் பழைய சிமெண்ட் வெளுப்பாகத் தெரிந்தது. சதுரங்கள் இருந்தன, மேஜையைக் காணோம்.

என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். காலையிலேயே வரி விடாமல் படித்து முடித்த தாள் அது.

மேஜை எங்கே என்று கேட்டேன்.

"அக்கா வந்திருந்தா," என்றார் தாளுக்குப் பின்னாலிருந்து.

அதற்குமேல் எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருடைய அக்கா, அதாவது என் அண்ணி, எதைக் கேட்டாலும் இவர் வாயிலிருந்து வருவது ஒரே பதில்தான். சரிக்கா. அலமாரியைக் கேட்டால் சரிக்கா, லீவு போட்டுவிட்டு வா என்றால் சரிக்கா. மனசுக்குள் நான் இவருக்கு வைத்திருக்கும் பெயரே சரிக்காதான்.

"குடுத்துட்டீங்களா?"

"புது வீட்டுக்குக் குடி போறா. சாப்பாட்டு மேஜையா போட்டா நல்லா இருக்கும்னு ஆசைப்பட்டா. எப்படி இல்லேன்னு சொல்றது?"

"வாயத் திறந்து."

தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். அதைப் பிடுங்கி நாலாகக் கிழித்துப் போட்டேன். அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

அது என்ன மேஜை என்று சொன்னால்தான் என் கோபம் புரியும். நான் திரைச்சீலையும் சோபா உறையும் தைப்பவள். கல்யாணமான நாளிலிருந்து துணியைத் தரையில் விரித்து, மண்டியிட்டு, தவழ்ந்து தவழ்ந்து வெட்டியவள். முழங்கால் இரண்டும் தேய்ந்து போய், இனிமேல் தரையில் மண்டியிட்டால் நடக்கவே முடியாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நின்றுகொண்டே வெட்ட ஒரு மேஜை கிடைத்தால் தொழில், கிடைக்காவிட்டால் தொழிலை மூட்டை கட்டிவிட்டு உட்கார வேண்டியதுதான். அப்படிக் கிடைத்த மேஜை அது. அன்றைக்கு நான் வெளியே போனதே ஒரு தங்கும் விடுதிக்கு அறை அறையாகத் திரைச்சீலை அளவெடுக்கத்தான். என் வாழ்க்கையிலேயே பெரிய வேலை. அளவைப் பையில் போட்டுக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தால், துணியை விரிக்க இடமில்லை. அந்த மேஜையைத்தான் இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே தாரை வார்த்துக் கொடுத்திருந்தார்.

இந்த வீடு என் மாமனார் கட்டியது. அவரும் மாமியாரும் போன பிறகு அண்ணி தன் பங்கை வாங்கிக்கொண்டு, இந்த ஓட்டை வீட்டை நீங்களே கட்டிக்கொண்டு அழுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னதில் தப்பில்லை. சுவரில் கை வைத்தால் சுண்ணாம்பு கையோடு வரும். சமையலறை ஜன்னல் மூடினால் திறக்காது, திறந்தால் மூடாது. ஆள் வைத்துச் செய்ய வசதியில்லை, அதனால் ஆளாக நானே ஆனேன். ஈரம் ஏறிய சுவரைச் சுரண்டி, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கதவுகளில் ஒன்றின்மேல் ஒன்றாக அப்பியிருந்த வண்ணத்தை உரித்தேன். ஓடு விற்கும் கடையில் உடைந்த பெட்டிகளிலிருந்து மிச்சம் மீதியைப் பொறுக்கி வந்து அடுப்புக்குப் பின்சுவரில் பதித்தேன். மூடிப்போன முடிதிருத்தும் கடையிலிருந்து ஒரு நிலைக்கண்ணாடி, இழுத்து மூடிய ஹோட்டலிலிருந்து ஒரு துணி அலமாரி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். எல்லாவற்றையும் தேடிக் கொடுத்தவர் தெருக்கோடியில் பழைய சாமான் கடை வைத்திருப்பவர். ஊரே அவரை உடைசல் என்றுதான் கூப்பிடும், அவரும் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்ப்பார்.

இவ்வளவும் நடந்தபோது என் கணவர் என்ன செய்தார் என்று கேட்கலாம். வேலைக்குப் போய் வந்தார். கண்ணாடிக் கடையில் வேலை. ஊரார் கண்ணையெல்லாம் சோதித்து நம்பர் எழுதிக் கொடுப்பவர். சொந்த வீட்டில் எது மாறினாலும் அவர் கண்ணில் படாது. கூடத்துக்கு நான் வண்ணம் அடித்து முடித்த அன்று, கதவு வழியாக வந்து, செருப்பைக் கழற்றி, ஈரத் தரையில் அடி அடியாகத் தடம் பதித்து நடந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஏதோ வாசனை வருகிறதே என்றார்.

மேஜையும் உடைசல் கொடுத்ததுதான். ஒரு பள்ளிக்கூடத்து வேதியியல் கூடத்தில் கிடந்தது. மேலே அமிலம் கொட்டிய கறை, கீழே கை வைத்த இடமெல்லாம் காய்ந்த சூயிங்கம், ஓரத்தில் காதல் கீறிய பேனாக்கத்தித் தடம். அது வந்து இறங்கிய நாளில் அண்ணியும் இங்கே இருந்தார். புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பிணத்தை அறுக்கிற மேஜை மாதிரி இருக்கிறது, இதைப் போய் வீட்டுக்குள் விடுகிறாயே என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உளியால் சுரண்டி, இழைப்புளி போட்டு, உப்புத்தாளில் கரடுமுரடானதிலிருந்து மெல்லியது வரை ஒவ்வொன்றாகத் தேய்த்து, உள்ளே இருந்த தேக்கை வெளியே கொண்டுவந்தேன். வார்னிஷ் அடித்ததும் மரம் தேன் நிறத்துக்கு வந்தது. அப்போதும் அண்ணி வந்து பார்த்தார். இந்தத் தடவை தலைப்பு மூக்குக்குப் போகவில்லை. மேஜையைக் கையால் தடவிக்கொண்டே, அப்பா வீட்டிலிருந்து எனக்கென்று ஒன்றுமே வரவில்லை என்று பெருமூச்சு விட்டார். அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், கட்டில், பீரோ, நாற்காலி என்று எதை எடுத்தாலும் ஏதாவது ஒரு காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருப்பார்கள். மடித்த அட்டை, ஓட்டுச் சில்லு, தேய்ந்த செருப்பின் அடிப்பாகம். மாமனார் வாழ்நாள் முழுவதும் தச்சர்களைத் திட்டிக்கொண்டே இருந்தார். ஊரில் ஒரு தச்சனுக்குக்கூட நாலு காலைச் சமமாக வெட்டத் தெரியாது, எல்லாரும் ஏமாற்றுக்காரன்கள் என்பார். கடை கடையாக மாற்றிப் பார்த்தார். எந்தக் கடைச் சாமானும் வீட்டுக்கு வந்ததும் ஆடியது. பிள்ளைகள் இரண்டு பேரும் அதைக் கேட்டே வளர்ந்தார்கள்.

அண்ணி அடிக்கடி சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. சின்ன வயதில் அவரும் தம்பியும் கூடத்தில் பந்து விளையாடுவார்களாம். எங்கே போட்டாலும் பந்து நேராகச் சமையலறைக்கு ஓடுமாம். எங்க வீட்டுப் பந்துக்கு எப்பவும் பசி என்று அவர்கள் அம்மா சொல்வாராம். எத்தனை தடவை சொன்னாலும் அக்காவும் தம்பியும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்தவர்களில் ஒருவருக்காவது தரையைக் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை.

நான் பார்த்தேன். மேஜையைப் போட்டதும் அது ஆடியது. கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டத்தை உடைசலிடம் வாங்கி வந்து தரையில் வைத்தேன். கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கிற காற்றுக்குமிழி நடுவில் இருக்கிற இரண்டு கோட்டுக்குள் நிற்காமல் ஓரத்துக்கு ஓடிவிட்டது. வீட்டின் ஒரு பக்கம் அஸ்திவாரம் இறங்கி, கூடமே சமையலறைப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதுவும் ஒரே சீராக இல்லை, ஒரு மூலையில் கூட, ஒரு மூலையில் குறைய. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாருங்கள், தச்சன்மேல் தப்பில்லை, தரைதான் சாய்ந்திருக்கிறது என்றேன். அப்படியா என்று கேட்டுவிட்டு முகம் கழுவப் போனார்.

தரையை உடைத்துப் போட என்னால் முடியாது. காலை வெட்ட முடியும். மேஜை எனக்கு எப்படியும் உயரம்தான். ஜன்னலுக்கு நேராக, வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்துப் போட்டு, மட்டம் வரும்வரை காலுக்குக் கீழே சில்லு சில்லாக வைத்து, ஒவ்வொரு காலிலும் தனித்தனியாகக் கோடு போட்டு, ரம்பத்தால் அறுத்தேன். நாலு காலுக்கும் நாலு அளவு. என் இடுப்பு உயரத்துக்கு மேற்பலகை, இந்தத் தரையின் கோணலுக்குக் கால்கள். கடைசிச் சில்லை எடுத்தபோது மேஜை பாறை மாதிரி நின்றது. இந்த வீட்டில் முட்டுக் கொடுக்காமல் நின்ற முதல் சாமான் அதுதான். முன்விளிம்பில் அளவு நாடாவை ஒட்டினேன். அப்புறம்தான் தரைக்கு வண்ணம் அடித்தேன்.

இதெல்லாம் தெரிந்த மனிதர்தான், வேறு ஒரு மேஜை வாங்கிக்கொள்ளலாம், உடைசலிடம் இன்னொன்று இல்லாமலா போகும் என்று அன்றைக்கு எனக்கு ஆறுதல் சொன்னார். மனைவியைத் தொலைத்தால்கூட உடைசலிடம்தான் விசாரிப்பார் போலிருக்கிறது. நான் அவரிடம் பேசுவதை நிறுத்தினேன். விடுதிக்காரரிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. பாயை மடித்து முழங்காலுக்குக் கீழே போட்டு, துணியைத் தரையில் விரித்து, அந்த நாலு சதுரங்களுக்கு நடுவிலேயே மண்டியிட்டு வெட்ட ஆரம்பித்தேன். முழங்கால் வீங்கியது. எழுந்திருக்க ஜன்னல் கம்பியைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் பார்த்தும் பார்க்காதது போலத் துணியைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தார். கத்தரிக்கோல் என் கையில் இருந்ததால் ஜாக்கிரதையாகத்தான் தாண்டினார்.

அந்த வாரக் கடைசியில் அண்ணியிடமிருந்து ஃபோன் வந்தது. இவர் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தும் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"என்னடா மேஜை குடுத்தே? ஆடுதுடா! மாமா ஆஃபீஸ்காரங்க சாப்பிட வந்தாங்க. ஒருத்தர் முழங்கைய வெச்சாரு, தண்ணி ஜக்கு கவுந்து அவங்க மேனேஜர் மடியில விழுந்துடுச்சு. மானம் போச்சு எனக்கு."

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. சிரிப்பு அடிவயிற்றிலிருந்து வந்தது. மேஜை போன நாளிலிருந்து கோபத்தில் எனக்கே இது தோன்றவில்லை. நாலு காலுக்கு நாலு அளவு. போய்ச் சமதரையில் நின்றால் ஆடாமல் என்ன செய்யும்? இவர் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, ஏன் சிரிக்கிறாய், நீதானே வெட்டினாய், நீயே வந்து சரி பண்ணிக் கொடு என்றார். நானும் வருகிறேன் என்று எழுந்தேன். சரி பண்ண அல்ல, பார்க்க. ரசமட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அண்ணியின் புது வீடு அடுக்குமாடியில். முகம் பார்க்கிற மாதிரி ஓடு பதித்த தரை. மேஜை நடுக்கூடத்தில் நின்றது. இரண்டு காலுக்கு அடியில் மடித்த அட்டை செருகியிருந்தது. வீடு மாறியும் பழக்கம் மாறவில்லை. என் அளவு நாடாவை உரித்து எறிந்திருந்தார்கள். முன்விளிம்பில் பசைத் தடம் மட்டும் கறையாக ஓடியது. அதைப் பார்த்ததும் சிரிப்பெல்லாம் போய், போன கோபம் வட்டியோடு திரும்பி வந்தது.

அண்ணியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவருடைய கணவர் சோபாவில் சாய்ந்து, இலவசமாகப் பார்க்கக் கிடைத்த ஆட்டம் போல எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வீட்ல நான் வாங்கின சாமான் ஒண்ணாவது ஆடுதா பாரு," என்றார் அண்ணி. "சோபா ஆடல. கட்டில் ஆடல. நான் யோக்கியமான கடையா பாத்து வாங்கறேன். உன் கை பட்டது மட்டும் ஆடுது. குடுக்க மனசில்லாம வேணும்னே காலை வெட்டி வெச்சிருக்கே."

நான் இவரைப் பார்த்தேன். வேணும்னே வெட்டவில்லை, மேஜை வந்த நாளிலேயே வெட்டியது, எனக்கு விளக்கிக்கூடச் சொன்னாள் என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. இவர் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நம்பர் பார்க்கிறார் போலும். அண்ணி சொன்னதைவிட இவர் சொல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

"வெட்டினது நான்தான்," என்றேன். "எங்க வீட்டுத் தரைக்கு ஏத்த மாதிரி வெட்டினேன். அந்தத் தரை சாஞ்சிருக்கு."

"எங்கப்பா கட்டின வீட்டையா கோணல்ங்கிறே?"

"ஆமா."

அண்ணியின் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேஜையை இப்போதே அங்கே கொண்டுபோய்ப் போடு, நானும் வருகிறேன் என்றார் அண்ணி. அங்கே ஆடாமல் நின்றால் இனி இதைப்பற்றி வாயே திறக்க மாட்டாராம். ஆடினால், வேண்டுமென்றே செய்தேன் என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டும், மேஜையை என் செலவில் சரி பண்ணி இங்கேயே அனுப்ப வேண்டும். நான் ஒத்துக்கொண்டேன். இவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

உடைசலுக்கு ஃபோன் போட்டேன். தன் சின்ன லாரியோடும் இரண்டு ஆட்களோடும் வந்தார். தன் கடைச் சாமான் ஒன்று போன வழியே திரும்பி வருவது தன் தொழிலிலேயே இதுதான் முதல் தடவை என்று சொல்லிக்கொண்டே கயிற்றை இறுக்கினார்.

எங்கள் வீட்டு வாசலில் இறக்கி, மூச்சு வாங்கத் தூக்கி வந்து, கூடத்தில் அந்தச் சதுரங்களின் மேல் வைத்தார்கள். அண்ணி முதல் ஆளாகப் போய் ஒரு மூலையை அழுத்தினார். மேஜை டொக்கென்று ஆடியது. எதிர் மூலையை அழுத்தினார். அது அங்கே ஆடியதைவிட மோசமாக ஆடியது.

"பாத்தியாடா?" என்றார் தம்பியிடம். "எங்கப்பா தரைமேல பழி போட்டாளே."

இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது பரிதாபம். கோபமோ சந்தேகமோ இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். வண்டியில் வரும்போது கால் ஏதாவது இடித்துத் தேய்ந்துவிட்டதா? குனிந்து மேஜையைச் சுற்றி வந்தேன். பசைத் தடம் சுவர்ப் பக்கம் இருந்தது. நாடா ஒட்டிய விளிம்பு எனக்கு எதிர்ப்பக்கம். திருப்பி வைத்திருந்தார்கள்.

"தூக்கித் திருப்புங்க," என்றேன் ஆட்களிடம். "அந்தப் பக்கம் இந்தப் பக்கமா வரணும்."

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே தூக்கிச் சுற்றினார்கள். நான் தரையோடு தரையாகக் குனிந்து, வீங்கிய முழங்கால் வலி உயிர் போக, ஒவ்வொரு காலையும் அதனதன் சதுரத்துக்குள் நகர்த்தி உட்கார வைத்தேன். நாலாவது கால் இறங்கியபோது சத்தமே வரவில்லை. ரசமட்டத்தை மேஜைமேல் வைத்தேன். குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவே வந்து நின்றது. நீளவாக்கில் வைத்தேன், குறுக்கில் வைத்தேன். நகரவில்லை.

அண்ணி அழுத்தினார். பிறகு இரண்டு கையையும் ஊன்றி, உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினார். மேஜை அசைந்து கொடுக்கவில்லை. நான் ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தேன். குமிழி ஒரே ஓட்டமாக ஓரத்துக்குப் போயிற்று.

"பந்துக்குப் பசி இல்ல அண்ணி," என்றேன். "தரைக்குத்தான் சாய்வு. அந்தத் தச்சனுங்க யாரும் உங்கப்பாவை ஏமாத்தல."

உடைசல் இருமுவது போல வாயை மூடிக்கொண்டு ஆட்களோடு வெளியே போனார். அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. தான் பிறந்து வளர்ந்த வீட்டுத் தரையை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். இவரும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை. ஒரு வாரமாக அதே தரையில் நான் மண்டியிட்டுக் கிடந்தபோது இந்தக் கண்கள் எங்கே போயிருந்தன?

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னவர் அண்ணிதானே. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாயைத் திறந்தார்.

"சரி, தரை கோணலாவே இருக்கட்டும். அதுக்கென்ன இப்போ? நாளைக்கு என் வீட்ல ஆள வெச்சு நாலு காலையும் சமமா வெட்டிக்கறேன். கொஞ்சம் குட்டையாகும், அவ்வளவுதானே. உக்காந்து சாப்பிடறதுக்குக் குட்டையா இருந்தாத்தான் நல்லது. அப்பா வீட்டு ஞாபகமா ஒண்ணாவது எனக்கு இருக்கட்டும். என்னடா சொல்றே தம்பி?"

அப்பா வீட்டு ஞாபகமாம். பள்ளிக்கூடத்துக் குப்பையிலிருந்து வந்த மேஜை, அப்பா செத்துப் பல வருஷம் கழித்து. பூசி மெழுகுவதில் இந்த வீட்டுச் சுவரைக்கூட நான் இவ்வளவு நன்றாகப் பூசவில்லை.

இவர் தொண்டையைச் செருமினார். உதடு பிரிந்தது. வரப்போகிற வார்த்தை எனக்குத் தெரியும். அதைக் கேட்க நான் நிற்கவில்லை. படிக்கட்டுக்குக் கீழே என் சாமான் பெட்டி இருக்கிறது. சமையலறைப் பலகைகளுக்கு மாட்டியது போக மீதியிருந்த எல் வடிவ இரும்பு ஆங்கிள்கள், அவற்றுக்கான போல்ட்டுகள், டிரில்லர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தேன். மேஜைக் காலோடு ஒரு ஆங்கிளை ஒட்டி வைத்து, டிரில்லரைத் தரையில் ஊன்றி அமுக்கினேன். வீடே அதிர்ந்தது. நான் பார்த்துப் பார்த்து வண்ணம் அடித்த தரையிலிருந்து வெள்ளைப் புழுதி கிளம்பியது.

"என்ன பண்றே?" என்று கத்தினார் அண்ணி. "எங்கப்பா போட்ட தரைடி அது!"

"தரை உங்கப்பாவோடது," என்றேன், டிரில்லரை நிறுத்தாமல். "மேஜை என்னோடது. ரெண்டையும் சேத்து முடுக்கறேன். இனிமே மேஜை வேணும்னா வீட்டோட தூக்கிட்டுப் போங்க."

முதல் கால் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. அண்ணி தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சொல்லுடா, தடுடா, பொண்டாட்டியை இப்படியா விட்டு வைப்பே என்றார். நான் தலை நிமிரவில்லை. மூன்றாவது காலின் போல்ட்டை முடுக்கிவிட்டு நாலாவதற்கு நகர்ந்தேன். கை முழுக்கப் புழுதியும் வேர்வையும். கடைசிப் போல்ட் விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

விழுந்த இடத்தில் ஒரு சுற்று சுற்றியது. பிறகு உருள ஆரம்பித்தது. மேஜைக்குக் கீழிருந்து வெளியே வந்து, அண்ணியின் நாற்காலியைத் தாண்டி, கூடத்தின் நீளத்துக்கும் உருண்டு, நேராகச் சமையலறை வாசல்படியில் போய் முட்டி நின்றது. மூன்று பேரும் அதையே பார்த்தோம்.

இவர்தான் போனார். குனிந்து எடுத்தார். எடுத்த இடத்தில் நின்று, அது வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"அதை இங்க குடுடா," என்று அண்ணி கையை நீட்டினார்.

நானும் கையை நீட்டினேன். சொல்ல வேண்டியதையெல்லாம் கல்யாணமான நாளிலிருந்து சொல்லியாயிற்று.

அவர் போல்ட்டை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"சாஞ்சுதான்க்கா இருக்கு," என்றார். "என்கிட்ட அப்பவே காட்டினா. நான்தான் பாக்கல. மேஜை அவளோடது, நான் குடுத்திருக்கக் கூடாது."

பிறகு வந்து போல்ட்டை என் கையில் வைத்தார். அவர் தன் அக்காவிடம் சரிக்கா தவிர வேறு வார்த்தை பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல் கதவை அவர் அறைந்து சாத்தப் பார்த்தார். நான் இழைத்து, கீலுக்கு எண்ணெய் விட்டு வைத்திருந்த கதவு சத்தமில்லாமல் போய் மூடிக்கொண்டது.

இவர் என் பக்கத்திலேயே நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார். என் மேஜையை என்னைக் கேட்காமல் தூக்கிக் கொடுத்த மனிதருக்கு, ஒரு போல்ட்டைப் பொறுக்கிக் கொடுத்ததற்கு நன்றி வேறு சொல்வார்களா? என் கோபம் ஒரு நூல்கூட இறங்கவில்லை. முழங்கால் வீக்கமும் இறங்கவில்லை.

"தள்ளி நில்லுங்க," என்றேன். "வெளிச்சத்த மறைக்கறீங்க."

தள்ளி நின்றார். நான் நாலாவது காலையும் முடுக்கினேன்.